எடை குறைகிறது, சரி. எது குறைகிறது?

கோவை ரேஸ்கோர்ஸ் நடைபாதையில் விடிகாலையில் சுற்றி வருபவர்களில் சிலர் பிசியோதெரபிக்காக என்னிடமும் வருவார்கள். சில மாதங்களில் ஆறு கிலோ, எட்டு கிலோ குறைத்த மகிழ்ச்சி முகத்தில் இருக்கும். கூடவே ஒரு புகாரும் இருக்கும். படி ஏறினால் தொடை நடுங்குகிறது, தரையில் உட்கார்ந்தால் கையை ஊன்றாமல் எழ முடியவில்லை, முழங்கால் வலி விட்டபாடில்லை. எடை குறைந்தால் மூட்டுக்கு நல்லது என்றுதானே சொன்னார்கள் என்று கேட்பார்கள். சொன்னது உண்மைதான். ஆனால் உடலில் எது குறைந்தது என்பதை யாரும் பார்க்கவில்லை.

எடைப் பயிற்சி, அதாவது தசைக்குச் சுமை கொடுக்கும் பயிற்சி எதுவும் இல்லாமல், உணவை மட்டும் குறைத்து இளைக்கும்போது, குறைகிற எடையில் ஏறக்குறைய கால் பங்கு கொழுப்பு அல்லாத பகுதியிலிருந்து போகிறது. அதில் தசையும் உண்டு. எட்டு கிலோ குறைந்தவருக்கு அது இரண்டு கிலோ வரை இருக்கலாம். எடை பார்க்கும் இயந்திரத்துக்குக் கொழுப்பும் தசையும் ஒன்றுதான்.

நம் ஊர் உடலுக்கு இது கூடுதல் கவலை. புனேயைச் சேர்ந்த மருத்துவர் சித்தரஞ்சன் யாஜ்னிக், பிரிட்டனைச் சேர்ந்த ஜான் யுட்கின் இருவரும் தங்கள் உடல்களையே ஒப்பிட்டு 2004இல் ‘லான்செட்’ மருத்துவ இதழில் எழுதினார்கள். இருவருக்கும் உயரத்துக்கேற்ற எடைக் குறியீடு (பிஎம்ஐ) ஒன்றே: 22.3. ஆனால் உடல் கொழுப்பு யுட்கினுக்கு 9.1 சதவீதம், யாஜ்னிக்குக்கு 21.2 சதவீதம். ஒல்லியாகத் தெரியும் இந்தியரிடம்கூடக் கொழுப்பு அதிகமாகவும் தசை குறைவாகவும் இருக்கக்கூடும். ஏற்கெனவே குறைவாக இருப்பதைத்தான் இழந்துகொண்டிருக்கிறோம். சாப்பிட்ட பின் இன்சுலின் ரத்தச் சர்க்கரையைக் கொண்டுசேர்க்கும் முதன்மையான இடம் தசை. எனவே சர்க்கரை நோயாளிக்குத் தசை இழப்பு இரட்டை நஷ்டம்.

அப்படியானால் நடையை விட்டுவிட்டு டம்பெல் தூக்கவா? வேண்டாம். அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2012இல் வெளியிட்ட ஆய்வில், உணவுக் கட்டுப்பாடு இல்லாமல் எடைப் பயிற்சி மட்டும் செய்தவர்களுக்குத் தசை கூடியது, ஆனால் கொழுப்பு பெரிதாகக் குறையவில்லை. கொழுப்பைக் கரைத்தது நடை, ஓட்டம், சைக்கிள் போன்ற மூச்சு வாங்கும் பயிற்சிகள்தான். இதயத்துக்கும் ரத்த அழுத்தத்துக்கும் அவை செய்யும் நன்மை தனி.

இரண்டையும் சேர்ப்பதன் பலனைத் தெளிவாகக் காட்டியது 2017இல் ‘நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின்’ இதழில் வந்த ஆய்வு. 65 வயதைத் தாண்டிய, உடல் பருமன் உள்ள 160 பேர் அதில் பங்கேற்றார்கள். உணவுக் கட்டுப்பாட்டோடு ஆறு மாதம் பயிற்சி செய்த மூன்று குழுவினருக்கும் எடை 9 சதவீதம் குறைந்தது. ஆனால் கொழுப்பு அல்லாத எடை, மூச்சு வாங்கும் பயிற்சி மட்டும் செய்தவர்களுக்கு 5 சதவீதமும், எடைப் பயிற்சி மட்டும் செய்தவர்களுக்கு 2 சதவீதமும், இரண்டையும் செய்தவர்களுக்கு 3 சதவீதமும் குறைந்தது. எழுவது, நடப்பது, படி ஏறுவது போன்ற அன்றாடத் திறன் இரண்டையும் சேர்த்துச் செய்தவர்களுக்கு 21 சதவீதம் கூடியது, மற்ற இரு குழுக்களுக்கும் 14 சதவீதம். நான் மருத்துவமனையில் பார்ப்பதும் இதுவே.

கார்டியோ, அதாவது மூச்சு வாங்கும் பயிற்சி செய்தால் தசை வளராது என்று உடற்பயிற்சிக்கூடங்களில் சொல்வதற்கும் ஒரு வேர் இருக்கிறது. உடற்பயிற்சி ஆய்வாளர் ராபர்ட் ஹிக்ஸன் 1980இல் வெளியிட்ட ஆய்வில், வாரத்துக்கு ஐந்து நாள் கடும் எடைப் பயிற்சியும் ஆறு நாள் கடும் ஓட்டமும் சைக்கிளும் சேர்த்துச் செய்தவர்களுக்கு, சில வாரங்களுக்குப் பின் வலிமை கூடுவது நின்றுபோனது. அந்தச் சுமை எங்கே, முக்கால் மணி நேரம் நடப்பவரின் சுமை எங்கே? நமக்கு அந்தப் பயம் தேவையே இல்லை.

பெண்களின் தயக்கம் வேறு. எடை தூக்கினால் உடம்பு ஆண்போல முறுக்கேறிவிடும் என்று அஞ்சுகிறார்கள். அதற்கு வேண்டிய டெஸ்டோஸ்டிரோன் என்னும் ஹார்மோன் பெண்களுக்கு மிகக் குறைவு. அதிலும் உணவைக் குறைத்திருக்கும் காலத்தில், இருக்கும் தசையைக் காப்பாற்றுவதே பெரிய காரியம். தண்ணீர்க் குடத்தை இடுப்பில் சுமந்தவர்கள், எரிவாயு சிலிண்டரை நகர்த்துகிறவர்கள், நான்கு கிலோ டம்பெல்லைக் கண்டு பின்வாங்குவதைப் பார்க்க எனக்கு வருத்தமாக இருக்கிறது. மாதவிடாய் நின்ற பிறகு எலும்பு வேகமாக மெலியும். மேலே சொன்ன 2017 ஆய்வில் இடுப்பு எலும்பின் அடர்த்தியும், எடைப் பயிற்சி செய்யாமல் மூச்சு வாங்கும் பயிற்சி மட்டும் செய்தவர்களுக்கே அதிகம் குறைந்தது. ஐம்பது வயதுப் பெண்ணுக்கு நான் எடைப் பயிற்சியை வலியுறுத்தாமல் அனுப்புவதில்லை.

உலக சுகாதார நிறுவனத்தின் 2020 வழிகாட்டுதல், வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடம் மிதமான பயிற்சியோடு, இரண்டு நாளாவது தசைக்கான பயிற்சியையும் சொல்கிறது. நடக்கிறவர்கள் முதல் பாதியைப் பின்பற்றிவிட்டு இரண்டாவதை மறந்துவிடுகிறார்கள். திங்கள், வியாழன் என்று இடைவெளி விட்டு இரண்டு நாள் ஒதுக்குங்கள். நாற்காலியிலிருந்து கை ஊன்றாமல் எழுந்து உட்காருவது, சுவரில் கை வைத்துத் தள்ளுவது, ரப்பர் பட்டையை மார்பு நோக்கி இழுப்பது, கனமான பையைக் கீழிருந்து முதுகு வளையாமல் தூக்குவது என வீட்டிலேயே தொடங்கலாம். எட்டு முதல் பன்னிரண்டு முறை செய்வதற்குள் கடைசி இரண்டு முறை சிரமமாக இருக்க வேண்டும். ஐம்பது முறை அலுங்காமல் தூக்க முடிகிற எடையால் பெரிய பயன் இல்லை. எளிதாகிவிட்டால் எடையைக் கூட்டுங்கள். ஒரே நாளில் இரண்டையும் செய்தால், கால்கள் களைப்பதற்கு முன் எடைப் பயிற்சி, பிறகு நடை.

இளைக்கும் காலத்தில் புரதத்தைக் குறைத்துவிட்டால் பயிற்சியின் பலன் பாதியாகும். உடல் எடையில் கிலோவுக்கு 1.2 கிராம் அளவுக்கு நான் பரிந்துரைப்பேன். எழுபது கிலோ எடையுள்ளவருக்கு நாளைக்கு 84 கிராம். இட்லி, சாம்பார், ரசச் சோற்றில் மட்டும் அதை எட்ட முடியாது. இரண்டு முட்டையில் சுமார் 12 கிராம், ஒரு கப் வேகவைத்த கொண்டைக்கடலையில் சுமார் 14 கிராம் கிடைக்கும். மீன், கோழி, பனீர், சோயா, தயிர் என்று மூன்று வேளைக்கும் பிரித்துக்கொள்ளுங்கள். சிறுநீரக நோய் உள்ளவர்கள் மட்டும் மருத்துவரிடம் கேட்காமல் புரதத்தைக் கூட்ட வேண்டாம்.

தூக்கும்போது மூச்சை அடக்காதீர்கள், ரத்த அழுத்தம் சட்டென்று ஏறும். இன்சுலினோ, சர்க்கரையைத் தாழ்த்தக்கூடிய மாத்திரையோ எடுப்பவர்கள் பயிற்சிக்கு முன்னும் பின்னும் அளவைப் பாருங்கள், கையில் குளுக்கோஸ் வைத்திருங்கள். சர்க்கரையால் விழித்திரை பாதிக்கப்பட்டவர்கள் கண் மருத்துவர் சொன்ன பிறகே கனமான எடையைத் தொட வேண்டும். நெஞ்சு வலியோ இதய நோயோ இருந்தால் முதலில் இதய மருத்துவரைப் பார்த்துவிட்டு வாருங்கள், பயிற்சியைப் பிறகு தொடங்கலாம்.