ஜென்ட்ரிஃபிகேஷன்: தமிழில் மேட்டுக்குடியாக்கம்

தாத்தா தொடங்கிய கடையைப் பேரன் நடத்துகிறான். வாடகை ஒப்பந்தம் முடிகிறது; கட்டடக்காரர் கேட்கும் புது வாடகையைக் கடையின் வருமானம் தாங்காது. பழைய வாடிக்கையாளர்கள் பலர் அதற்கு முன்பே அந்தப் பகுதியை விட்டுப் போய்விட்டார்கள். கடையையும் தெருவையும் காக்க அவன் நான்கு பேர் முன்னால் பேச வேண்டும். "ஏரியா டெவலப் ஆகுது" என்ற பேச்சுக்குப் பதில் சொல்ல அவனுக்கு ஒரு சொல் தேவை.

ஆங்கிலத்தில் 'ஜென்ட்ரிஃபிகேஷன்' என்ற அந்தச் சொல்லை 1964இல் ஆக்கித் தந்தவர் சமூகவியலாளர் ரூத் கிளாஸ். பெர்லினில் பிறந்து லண்டனில் வாழ்ந்தவர். லண்டனில் தொழிலாளர்கள் குடியிருந்த பகுதிகளுக்குள் நடுத்தர வர்க்கத்தினர் நுழைந்ததையும், எளிய சிறு வீடுகள் விலையுயர்ந்த வீடுகளானதையும் அவர் கவனித்தார். ஒரு பகுதியில் இது தொடங்கிவிட்டால், அங்கிருந்த தொழிலாளர்கள் பெரும்பாலும் வெளியேறும்வரை வேகமாக நடக்கும் என்றும் எழுதினார். சொல்லின் உயிரே அந்த வெளியேற்றம்தான்.

'ஜென்ட்ரி' என்பது இங்கிலாந்தில் பிரபுக்களுக்கு அடுத்த படியில் இருந்த நிலவுடைமை வர்க்கம். பழைய பிரெஞ்சு வழியாக வந்த சொல். அதன் அடியில் இருப்பது குலம் என்று பொருள்படும் லத்தீன் 'கென்ஸ்'.

இது ஏன் நடக்கிறது? புவியியலாளர் நீல் ஸ்மித் 1979இல் 'வாடகை இடைவெளி' என்ற விளக்கத்தை முன்வைத்தார். ஒரு மனை இப்போது ஈட்டும் வாடகைக்கும், வேறு விதமாகப் பயன்படுத்தினால் ஈட்டக்கூடிய வாடகைக்கும் இடையிலான தூரம் அது. அந்தத் தூரம் பெருகப் பெருக முதலீடு உள்ளே வரும். கடை நன்றாக நடந்தாலும் பேரனுக்கு நெருக்கடி வருவது இதனால்தான்.

சரி, தமிழில் என்ன சொல்வது? 'நகர மேம்பாடு', 'புதுப்பித்தல்' இரண்டும் வேண்டாம். அவை கட்டடத்தைத்தான் காட்டுகின்றன, வெளியேறுகிறவரைக் காட்டுவதில்லை. மேட்டுக்குடியாக்கம் பொருந்துகிறது. 'மேட்டுக்குடி' நாம் ஏற்கெனவே புழங்கும் சொல். லத்தீன் வேர் சொல்லும் குலமும் நம் 'குடி'க்குள் இருக்கிறது. குடியிருப்பு, குடிக்கூலி, குடிபெயர்தல் என்று இந்த விவகாரத்தின் சொற்கள் பலவும் குடியில்தான் கிளைக்கின்றன. 'ஆதல்' என்று முடித்தால் தானாக நடப்பதுபோல் ஆகிவிடும். 'ஆக்கம்' என்றால் ஆக்குகிறவர் ஒருவர் இருக்கிறார். அவரிடம் கேள்வி கேட்கலாம்.

அப்புறம், பகுதி மாறுவதற்கு மேட்டுக்குடியாக்கம் என்றால், அங்கிருந்தவர்கள் வெளியேற்றப்படுவதற்குத் தனியாக ஒரு சொல் வேண்டும். 'குடிபெயர்தல்' தன்வினை, அவர்களாகவே கிளம்பிப் போவது. வாடகையை ஏற்றிக் கிளப்புவது பிறவினை: குடிபெயர்த்தல். பேரன் பேசும்போது அந்த 'த்'தை விட்டுவிடக் கூடாது.