அபத்தத்துக்குள் ஒளிந்திருக்கும் விடை

சாலையோர உணவகத்தில் சமையற்காரர் ஒரு முட்டையை உடைக்கப் பார்க்கிறார். எவ்வளவு ஓங்கித் தட்டினாலும் அது உடைய மறுக்கிறது. ஒன்றும் புரியாமல் அவர் வெளியே எட்டிப் பார்த்தால், முட்டையிட்ட கோழி ஃபெவிகால் டப்பாவிலிருந்து தீனி கொத்திக்கொண்டிருக்கிறது. ஓகில்வி விளம்பர நிறுவனம் இந்தியத் தொலைக்காட்சிக்காக உருவாக்கிய இந்தப் பழைய விளம்பரம், பசையின் வேதியியலைப் பற்றி எதுவும் சொல்லாமலேயே அதன் வலிமையை மனத்தில் பதித்துவிட்டது.

இப்படிப்பட்ட அபத்தமான விளம்பரங்கள் ஏன் மனத்தில் நிற்கின்றன? அடுத்து என்ன வரும் என்று மூளை ஓயாமல் முன்கூட்டியே கணித்துக்கொண்டிருக்கிறது. 1980இல் மூளை ஆய்வாளர்களான மார்த்தா குட்டாஸும் ஸ்டீவன் ஹில்யார்டும், சூடான ரொட்டியின் மேல் ஒருவர் காலுறையைத் தடவினார் என்பதுபோல் பொருந்தாத சொல்லில் முடியும் வாக்கியங்களைப் படிக்கக் கொடுத்து, வாசிப்பவர்களின் மூளை மின்னலைகளைப் பதிவு செய்தனர். பொருந்தாத சொல் கண்ணில் பட்ட சுமார் 400 மில்லி விநாடிகளில் அலையில் தெளிவான மாற்றம் தெரிந்தது. கணிப்பு பிசகும்போது மூளை கூடுதலாக உழைக்கிறது; விளம்பர இடைவேளையில் பாதிக் கவனத்தோடு அமர்ந்திருப்பவரை நிமிர வைப்பது அந்த உழைப்புதான்.

ஆனால் முரண்பாடு மட்டும் சிரிப்பைத் தருவதில்லை. 1972இல் உளவியலாளர் ஜெரி சல்ஸ் முன்வைத்த கோட்பாட்டின்படி, முதலில் முரண்பாட்டை உணர்கிறோம், பிறகு அதை விளக்கும் விதியைத் தேடிக் கண்டுபிடிக்கிறோம். அந்தக் கண்டுபிடிப்பில்தான் சிரிப்பு பிறக்கிறது. முட்டை விளம்பரத்தின் மேதைமை இங்கேதான் இருக்கிறது என்பேன். அந்தப் புதிருக்குப் பசையைத் தவிர வேறு விடையே கிடையாது; ஆகவே நகைச்சுவையை நினைவுகூர்பவர் விற்கப்படும் பொருளையும் சேர்த்தே நினைவுகூர வேண்டியிருக்கிறது. அதோடு, யாரையும் நம்பச் சொல்லாத ஒரு மிகையை மறுத்து வாதாட மனம் முனைவதும் இல்லை.

சூழலுக்கும் இதில் பங்குண்டு. 1994இல் உளவியலாளர் ஸ்டீபன் ஷ்மிட் நடத்திய சோதனைகளில், சாதாரண வாக்கியங்களோடு கலந்து கொடுக்கப்பட்டபோது நகைச்சுவை வாக்கியங்கள் நன்றாக நினைவில் நின்றன. பட்டியல் முழுவதும் நகைச்சுவையாக இருந்தபோது அந்தச் சாதகம் மறைந்துவிட்டது. சோப்பு, வங்கி, சிமெண்ட் என்று இயல்பான விளம்பரங்கள் அணிவகுக்கும் இடைவேளைதான் அபத்தத்துக்கு ஏற்ற களம்.

புதிரின் விடையும் விற்கப்படும் பொருளும் பிரிந்துவிட்டால், வேடிக்கை மட்டும் நினைவில் நின்று நிறுவனத்தின் பெயர் மறந்துவிடும் ஆபத்து இருக்கிறது. காட்பரி 2007இல் பிரிட்டனில் ஒளிபரப்பிய 90 விநாடி விளம்பரத்தில் ஒரு கொரில்லா டிரம்ஸ் வாசிக்கிறது. அதற்கும் சாக்லேட்டுக்கும் என்ன தொடர்பு என்பதைக் கதை விளக்குவதே இல்லை. இருந்தும் அது பெரும் புகழ் பெற்றது. காரணம், கொரில்லாவுக்குப் பின்னால் இருந்த ஊதா நிறத்தைப் பல தலைமுறைகளாகக் காட்பரி சாக்லேட் உறையில் பார்த்துப் பழகியவர்கள் பிரிட்டன் மக்கள். அப்படியொரு அடையாளம் இல்லாத புதிய நிறுவனத்துக்கு இந்த வழி ஏற்றதல்ல.