புரோரோகேஷன்: ஒத்திவைப்பா, முடக்கமா, முடித்துவைப்பா?

2008 டிசம்பர் 4 அன்று காலை, ஒட்டாவாவில் அரசியின் பிரதிநிதியான தலைமை ஆளுநரின் இல்லமான ரிடோ ஹாலுக்குள் சென்ற கனடாப் பிரதமர் ஸ்டீபன் ஹார்ப்பர் இரண்டு மணி நேரத்துக்கும் மேலாக வெளியே வரவில்லை. அவரைச் சந்திப்பதற்காகவே தலைமை ஆளுநர் மிக்காயெல் ஜான் தமது ஐரோப்பியப் பயணத்தைப் பாதியில் முடித்துக்கொண்டு நாடு திரும்பியிருந்தார். வெளியே வந்த ஹார்ப்பர், தாம் கேட்டது கிடைத்துவிட்டதாகவும் நாடாளுமன்றம் இனி ஜனவரி 26 அன்றுதான் கூடும் என்றும் அறிவித்தார். அவர் கேட்டுப் பெற்றதற்கு ஆங்கிலத்தில் புரோரோகேஷன் என்று பெயர். தமிழ்ச் செய்திகளில் இந்தச் சொல் ஒரு நாள் ஒத்திவைப்பாகவும், மறுநாள் இடைநிறுத்தமாகவும், அரசியல் சூடு ஏறிய நாளில் முடக்கமாகவும் வருகிறது. மூன்றும் பொருந்தாது என்பது என் கருத்து.

மக்களவை ஒன்றின் வாழ்நாளில் மூன்று அடுக்குகள் உண்டு. ஒரு நாள் கூடிக் கலைவது அமர்வு. பல அமர்வுகள் சேர்ந்தது கூட்டத்தொடர். ஒரு பொதுத்தேர்தலுக்கும் அடுத்த பொதுத்தேர்தலுக்கும் இடைப்பட்டது அவையின் ஆயுட்காலம். அமர்வை நிறுத்தி வேறு நாளுக்குத் தள்ளுவது ஒத்திவைப்பு, அதை அவையோ அவைத்தலைவரோ செய்வார்கள். ஆயுட்காலத்தையே முடிப்பது கலைப்பு, அதன் பிறகு தேர்தல்தான். இவற்றுக்கு நடுவே, உறுப்பினர்களின் பதவிக்குச் சேதமில்லாமல் கூட்டத்தொடரை மட்டும் முடிப்பதே புரோரோகேஷன். இதைச் செய்வது அவை அன்று. அரசின் ஆலோசனையைக் கேட்டு அரசர், குடியரசுத்தலைவர், ஆளுநர் போன்றோர் ஆணை பிறப்பிக்கிறார்கள். மணியடித்து மாலையில் பள்ளி விடுவதற்கும் தலைமையாசிரியர் பருவத்தை முடித்து விடுமுறை விடுவதற்கும் உள்ள வேறுபாடு இது.

சொல்லின் வேர் இலத்தீன் மொழியில் உள்ளது. 'ரோகாரே' என்றால் கேட்டல். 'ப்ரோ' என்றால் முன்னோக்கி. பழைய ரோமில் ஒரு சட்டத்துக்கு மக்களின் ஒப்புதலைக் கேட்பதற்கு 'ரோகாத்சியோ' என்று பெயர் இருந்தது. கி.மு. 327இன் கான்சல்கள் எனப்பட்ட உயர் ஆட்சியாளர்களில் ஒருவரான குயின்டஸ் பப்ளிலியஸ் ஃபிலோ நேப்பிள்ஸ் பகுதியை முற்றுகையிட்டிருந்தபோது அவருடைய பதவிக்காலம் முடியவிருந்தது. வெற்றி கைக்கெட்டும் நேரத்தில் தளபதியை மாற்ற விரும்பாத ரோமர்கள் அவருடைய படை அதிகாரத்தை அடுத்த ஆண்டுக்கும் நீட்டித்தார்கள். இந்த நீட்டிப்பே 'ப்ரோரோகாத்சியோ'. ஆக, சொல்லின் முதற்பொருள் நீட்டித்தல். பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்தபோது நீட்டித்தல் தள்ளிப்போடுதலாகி, நாடாளுமன்ற வழக்கில் தொடரை முடித்தலாக நிலைத்துவிட்டது. வேரைப் பார்த்துப் பெயர் வைத்தால் 'நீட்டிப்பு' என்றுதான் வைக்க வேண்டியிருக்கும், அது கூத்தாகிவிடும். கலைச்சொல்லாக்கத்தில் வேர்ப்பொருளைவிடச் செயற்பொருளே பெரிது என்பதற்கு இதைவிட நல்ல சான்று கிடைப்பது அரிது.

கனடாவில் அந்தச் செயல் என்ன செய்தது என்பதைப் பார்த்தால் பொருள் இன்னும் தெளிவாகும். 2008 அக்டோபர் 14 தேர்தலில் 308 இடங்களில் ஹார்ப்பரின் கன்சர்வேட்டிவ் கட்சி 143 இடங்களைப் பெற்றது. இத்தகைய ஆட்சியைச் 'சிறுபான்மை அரசு' என்று நேராகப் பெயர்த்துவிடுகிறோம். சிறுபான்மையினரின் அரசு என்று படிப்பவர் மயங்கும் வாய்ப்பிருப்பதால் 'பெரும்பான்மையற்ற அரசு' என்பதே நலம். நவம்பர் 27 அன்று நிதியமைச்சர் ஜிம் ஃபிளாஹர்ட்டி வெளியிட்ட பொருளாதார அறிக்கையில் உலக நிதி நெருக்கடிக்கான ஊக்கத் திட்டம் எதிர்பார்த்தபடி இல்லை. மாறாக, கட்சிகள் பெற்ற வாக்குக்கு ஏற்ப அரசு தந்துவந்த நிதியுதவியை நீக்கும் முன்மொழிவு இருந்தது. எதிர்க்கட்சிகளின் மடியிலேயே கை வைத்த வேலை அது. டிசம்பர் 1 அன்று லிபரல் தலைவர் ஸ்டெஃபான் டியோனும் புதிய ஜனநாயகக் கட்சியின் ஜாக் லேட்டனும் கூட்டணி அரசு அமைக்க உடன்பாடு கண்டார்கள். கியூபெக் தேசியவாதிகளின் தலைவர் ஜீல் டுசெப் வெளியிலிருந்து ஆதரிப்பதாகக் கையெழுத்திட்டார். இம்மூன்று கட்சிகளின் இடங்களை 77, 37, 49 என்று கூட்டினால் 163. டிசம்பர் 8 அன்று வாக்கெடுப்பு நடந்திருந்தால் அரசு கவிழ்ந்திருக்கும்.

வாக்கெடுப்பு நடக்கவில்லை. நவம்பர் 18 அன்று தொடங்கிய கூட்டத்தொடர் மூன்று வாரம் நிறையும் முன்பே முடித்துவைக்கப்பட்டதால், நிலுவையில் இருந்த நம்பிக்கையில்லாத் தீர்மானமும் அதோடு மறைந்துபோனது. ஒத்திவைப்பு என்ற சொல் பிழையாவது இந்த இடத்தில்தான். ஒத்திவைத்திருந்தால் விட்ட இடத்திலிருந்து தொடர்ந்திருக்க வேண்டும். ஜனவரி 26 அன்று தொடங்கியதோ புதிய கூட்டத்தொடர். மறுநாள் புதிய வரவுசெலவுத் திட்டம் வந்தது, அதற்குள் டியோன் போய் மைக்கேல் இக்னாட்டியெஃப் லிபரல் தலைவராகியிருந்தார், கூட்டணியும் கலைந்துவிட்டது. 'இடைநிறுத்தம்' என்பதற்கும் இதே குறை உண்டு.

'முடக்கம்' வேறு வகைப் பிழை. அவையில் அமளி எழுந்து அலுவல் நடக்காமல் போனால் 'நாடாளுமன்றம் முடங்கியது' என்கிறோம். வங்கிக் கணக்கும் முடக்கப்படுகிறது, கொரோனா காலத்தில் ஊரே பொதுமுடக்கத்தில் இருந்தது. ஏற்கெனவே இவ்வளவு சுமக்கும் சொல், போதாக்குறைக்குச் செயலைப் பெயரிடும் முன்பே தீர்ப்பையும் எழுதிவிடுகிறது. இதன் விளைவை 2022 பிப்ரவரியில் கண்கூடாகக் கண்டோம். மேற்கு வங்க ஆளுநர் ஜகதீப் தன்கர் அம்மாநிலச் சட்டப்பேரவையின் கூட்டத்தொடரை முடித்துவைத்து அரசமைப்பின் 174ஆம் பிரிவின்கீழ் ஆணையிட்டார். 'சட்டப்பேரவையை முடக்கினார் ஆளுநர்' என்று தமிழில் செய்தி பரவியது. தமிழக முதலமைச்சர் மு.க. ஸ்டாலின் அது மரபுக்கு மாறானது என்று கண்டித்தார். மாநில அரசு கேட்டுக்கொண்டதன் பேரிலேயே ஆணையிட்டதாகத் தன்கர் விடையளித்தார். ஆங்கிலத்திலும் அந்தக் குழப்பம் இருந்ததால் பழி முழுவதையும் தமிழ்ச் சொல்மேல் போட முடியாது. ஆயினும் 'கூட்டத்தொடர் முடித்துவைப்பு' என்று படித்தவர் யாரும் சட்டப்பேரவைக்குப் பூட்டுப் போட்டதாக எண்ணியிருக்க மாட்டார்.

தமிழ்நாட்டுச் சட்டப்பேரவைச் செய்திகளில் அமைதியான நாட்களில் புழங்கும் தொடர் அதுதான்: 'கூட்டத்தொடரை முடித்துவைத்து ஆளுநர் உத்தரவு'. எதை முடிக்கிறார், யார் முடிக்கிறார் என்ற இரண்டும் அதில் உள்ளன. முடிவதற்கும் முடித்துவைப்பதற்கும் உள்ள நுட்பமான வேறுபாட்டைத் தமிழின் துணைவினை தானாகவே காட்டுகிறது. வெளியிலிருந்து ஒருவர் செய்யும் வேலை என்பது 'வை'யில் ஒலிக்கிறது. தலைப்பில் இடம் போதாதென்றால் 'தொடர்முடிப்பு' என்று சுருக்கலாம்.

பெயர் ஒன்றாயினும் விளைவு நாட்டுக்கு நாடு வேறுபடும். கனடாவில் அரசு மசோதாக்கள் பொதுவாக அத்தொடரோடு சாகின்றன. இந்தியாவில் அரசமைப்பின் 107ஆம் பிரிவின்படி மசோதாக்கள் காலாவதியாவதில்லை. இலங்கையில் முடித்துவைப்புக்கும் அடுத்த தொடருக்கும் இடையே இரண்டு மாதத்துக்கு மேல் போகக்கூடாது. 2018 அக்டோபர் 26 அன்று மகிந்த ராஜபக்சவைப் பிரதமராக்கிய அன்றைய அதிபர் மைத்திரிபால சிறிசேன, மறுநாளே பாராளுமன்றத் தொடரை நவம்பர் 16 வரை முடித்துவைத்தார். புதிய பிரதமருக்குப் பெரும்பான்மை இல்லை என்பதால், அந்த மூன்று வாரம் ஆள்சேர்ப்புக்கான அவகாசமாகவே பார்க்கப்பட்டது. பிரிட்டனில் போரிஸ் ஜான்சன் அரசு 2019இல் பெற்ற ஐந்து வார முடித்துவைப்பை உச்ச நீதிமன்றத்தின் 11 நீதிபதிகளும் ஒருமனதாகச் செல்லாதென்றார்கள். முடித்துவைப்பை அறிவிக்க வரும் அரச ஆணையர்கள் வெற்றுத்தாளோடு அவைக்குள் நுழைந்ததற்குச் சமம் என்றது தீர்ப்பு. சட்டத்தின் பார்வையில் அந்த முடித்துவைப்பு நடக்கவே இல்லை.

ஹார்ப்பர் 2009 டிசம்பர் 30 அன்று மீண்டும் அதே வழியை நாடினார். ஆப்கன் கைதிகள் நடத்தப்பட்ட விதம்பற்றி நாடாளுமன்றக் குழு துருவிக்கொண்டிருந்த நேரம் அது. இம்முறை ரிடோ ஹாலுக்குப் போகவில்லை. தொலைபேசியில் கேட்டுப் பெற்றுக்கொண்டார். 2010 ஜனவரி 23 அன்று கனடா நகரங்களில் மக்கள் தெருவுக்கு வந்தார்கள், ஃபேஸ்புக்கில் இதை எதிர்த்துத் தொடங்கிய குழுவில் இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்டோர் சேர்ந்தார்கள். அந்தக் குழுவின் பெயரிலேயே புரோரோக் என்ற வினைச்சொல் இருந்தது.