அரியாங்குப்பம் பாலத்தில் வந்த விடை

“பேப்பரைக் கையில் வாங்கினேன் சார். முதல் பெரிய கேள்வி, நான் ஹாஸ்டல் பிள்ளைகள் நாலு பேருக்குச் சொல்லிக்கொடுத்த அதே கேள்வி. ஆனா மண்டையில ஒண்ணுமே ஓடல. எல்லாம் முடிஞ்சு பஸ் ஏறி, அரியாங்குப்பம் பாலம் தாண்டும்போது மொத்த விடையும் வரிசையா வந்து நிக்குது. எனக்கு என்னதான் ஆச்சு?”

கடலூரிலிருந்து தினமும் புதுச்சேரிக்குப் பஸ்ஸில் போய் உயிர்வேதியியல் எம்.எஸ்சி. படிக்கும் மாணவி ஒருவர் எனக்கு எழுதியது இது. பத்தாம் வகுப்பிலிருந்து அவர்தான் வகுப்பில் முதல். அரியர் என்ற சொல்லே அந்த வீட்டில் புழங்கியதில்லை. அன்று கேட்டிருந்தது, நொதி ஒன்று எவ்வளவு வேகமாக வேலை செய்கிறது என்று சொல்லும் மைக்கேலிஸ்–மென்டன் சமன்பாட்டை வருவிப்பது. ‘வி’ என்று ஒரே எழுத்தை எழுதிவிட்டு, தாள் கிழியும்வரை அதன் மேலேயே பேனாவை ஓட்டிக்கொண்டு இருந்திருக்கிறார். உள்ளங்கை வியர்வையில் அடிஷனல் ஷீட்டின் ஓரம் நைந்துபோயிருக்கிறது. “படிக்காத பிள்ளை பயப்படலாம், படிச்சவளுக்கு என்னடி பயம்?” என்று அம்மா கேட்டாராம். அம்மா கேட்டது சரியான கேள்வி. அதற்கு அறிவியலில் பதில் இருக்கிறது.

பள்ளியில் படித்த பகுதியை வேகமாகக் கடந்துவிடலாம். ஆபத்து என்று, மூளையில் அதை மோப்பம் பிடிக்கும் பகுதியான அமிக்டலா முடிவு செய்தால், நொடிகளில் அட்ரினலின் பாய்கிறது. இதயம் வேகமாக அடிக்கிறது, கை வியர்க்கிறது. சற்றுப் பிந்தி, இருபது முப்பது நிமிடங்களில் கார்ட்டிசால் என்ற மன அழுத்த ஹார்மோன் உச்சத்துக்கு வருகிறது.

நெற்றிக்குப் பின்னால் நடப்பதுதான் என்னை இன்றைக்கும் வியக்கவைக்கிறது. அந்தச் சமன்பாட்டை வருவிக்க, நொதியும் வினைபடுபொருளும் சேர்ந்த கூட்டு உருவாகும் வேகமும் உடையும் வேகமும் சமம் என்பதை மனதில் நிறுத்த வேண்டும். மொத்த நொதி என்பது தனி நொதியும் பிணைந்த நொதியும் சேர்ந்தது என்பதையும் அதே சமயம் நிறுத்தி, ஒன்றை இன்னொன்றில் இட வேண்டும். இப்படிச் சில நொடிகள் தாங்கிப் பிடிக்கும் நினைவை எங்கும் எழுதிவைப்பதில்லை. முன்மூளைப் புறணியின் நரம்பணுக்கள் ஒன்றையொன்று விடாமல் கூப்பிட்டுக்கொண்டே இருக்கின்றன. அந்தக் கூப்பாடு தொடரும்வரைதான் நினைவு நிற்கிறது. கரைவலை இழுப்பவர்களைப் பார்த்திருப்பீர்கள். ஒருவர் குரல் கொடுக்க மற்றவர்கள் வாங்கிச் சொல்வார்கள். குரல் அறுந்தால் கயிறும் தளரும்.

இந்தக் கூப்பாடு காதில் விழுமா விழாதா என்பதை, அட்ரினலினுக்கு நெருங்கிய உறவான நார்அட்ரினலின் என்ற வேதிப்பொருள் தீர்மானிக்கிறது. ஒரே சாவிக்கு இரண்டு பூட்டுகள், அதாவது அது வந்து ஒட்டிக்கொள்ளும் இரண்டு ஏற்பிகள். ஆல்ஃபா-2ஏ என்ற ஏற்பி கொஞ்சம் நார்அட்ரினலின் வந்தாலே பிடித்துக்கொள்ளும். அது பிடித்ததும், நரம்பணுக்கள் தொட்டுக்கொள்ளும் இடத்தருகே உள்ள பொட்டாசியம் வாய்க்கால்கள் மூடிக்கொள்கின்றன. குரல் தெளிவாகக் கேட்கிறது. பரீட்சைக்கு முன் வரும் லேசான படபடப்பில் மூளை கூர்மையாவது இதனால்தான். ஆல்ஃபா-1 ஏற்பிக்கோ நிறைய வேண்டும். பயம் எல்லை மீறி நார்அட்ரினலின் கொட்டும்போதுதான் அது விழித்துக்கொள்கிறது. உடனே பொட்டாசியம் வாய்க்கால்கள் திறந்து மின்னூட்டம் கசிந்துவிடுகிறது. பக்கத்து அணு கூப்பிடுவது இந்த அணுவுக்கு எட்டுவதில்லை. யேல் பல்கலைக்கழகத்தில் ஏமி ஆர்ன்ஸ்டன் இதைப் பல பத்தாண்டுகளாகத் துருவித் துருவி ஆராய்ந்து வந்திருக்கிறார். அளவாக இருந்தால் தாங்கிப்பிடிக்கும் அதே வேதிப்பொருள், மிஞ்சினால் கையை விட்டுவிடுகிறது. இதை முதன்முதலாகப் படித்த அன்று நான் வெகுநேரம் தூங்கவில்லை.

இது கோளாறும் இல்லை. புயல் கரையை நெருங்கும்போது மின்வாரியம் முன்கூட்டியே கரன்டை நிறுத்துவது ஏன் என்று, 2011 டிசம்பர் 30 அன்று தானே புயலைப் பார்த்த கடலூர்க்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. காலடியில் பாம்பு கிடந்தால் யோசிப்பவர் பிழைக்க மாட்டார், துள்ளுபவர்தான் பிழைப்பார். அந்த நேரத்தில் யோசிக்கும் பகுதியை மூளை நிறுத்திவைக்கிறது. வினாத்தாளுக்கும் பாம்புக்கும் அமிக்டலாவுக்கு வித்தியாசம் தெரிவதில்லை, அவ்வளவுதான்.

சரி, பாலத்தில் விடை வந்தது எப்படி? 1998இல் எலிகளை வைத்து ஒரு சோதனை நடந்தது. தண்ணீர்த் தொட்டியில் மறைந்திருக்கும் மேடையைக் கண்டுபிடிக்க எலிகள் முதல் நாள் பழகியிருந்தன. மறுநாள் சோதனைக்கு அரை மணி முன்பு லேசான மின் அதிர்ச்சி கொடுத்தபோது அவை இடம் தெரியாமல் தடுமாறின. இரண்டு நிமிடம் முன்பு கொடுத்தபோதும், நான்கு மணி நேரம் முன்பு கொடுத்தபோதும் நேராகப் போய்ச் சேர்ந்தன. கார்ட்டிசாலுக்கு ஈடான ஹார்மோன் எலியின் உடலில் உச்சத்தில் இருக்கும் அந்த இடைவெளியில்தான் கதவு சாத்திக்கொள்கிறது. உள்ளே இருக்கும் பொருள் அப்படியே இருக்கிறது. பேப்பரைக் கட்டிக்கொடுத்துவிட்டு, ஜன்னலோரம் உட்கார்ந்து, காற்று முகத்தில் பட்டதும் அந்தப் பெண்ணுக்குக் கதவு திறந்திருக்கிறது.

இனி அம்மாவின் கேள்வி. 2005இல் உளவியலாளர்கள் சையன் பைலாக்கும் தாமஸ் காரும் கல்லூரி மாணவர்களிடம் ஒரு மனக்கணக்கு கொடுத்தார்கள். 51இலிருந்து 19ஐக் கழி, வருவது 4ஆல் மீதியின்றி வகுபடுமா, இந்த மாதிரி. சும்மா கேட்டபோது வேலை நினைவு, அதாவது மேலே சொன்ன சில நொடிகள் தாங்கிப் பிடிக்கும் நினைவு, வலுவானவர்கள் முந்தினார்கள். பிறகு நெருக்கடி ஏற்றினார்கள்: பரிசுப் பணம் உண்டு, உன் ஜோடி ஏற்கெனவே ஜெயித்துவிட்டார், நீ சொதப்பினால் அவருக்கும் போய்விடும், வீடியோவும் எடுக்கிறோம். கடினமான கணக்குகளில் கெட்டிக்காரர்கள்தான் சரிந்தார்கள். மற்றவர்களின் மதிப்பெண் அசையவில்லை. எல்லாவற்றையும் மனதில் தாங்கியே தீர்த்துப் பழகியவர்களிடம், தாங்கும் அந்தக் கையையே பயம் பிடுங்கிக்கொள்கிறது. ‘உன்னை நம்பித்தான் குடும்பமே இருக்கு’ என்று நம் வீடுகளில் சொல்லும்போது, அந்த ஆய்வுக்கூட நெருக்கடியைத்தான் நாம் தினமும் ஏற்றுகிறோம். டியூஷன் சென்டர் பிளெக்ஸ் போர்டில் முகம் வந்த பிள்ளைக்கு அது இரட்டிப்பு.

திருவந்திபுரம் மலைப்படி ஏறி, ஹயக்ரீவர் சன்னதியில் பேனாவை வைத்து எடுத்து வருவதால் மனம் அடங்குமானால் தாராளமாகப் போய்வாருங்கள். ஞாபகசக்தி மாத்திரை என்றும் பரீட்சைத் தாயத்து என்றும் பயந்த பிள்ளைகளிடம் காசு பறிப்பவர்கள்மீதுதான் எனக்குக் கோபம். வல்லாரை துவையலாகச் சோற்றோடு இருக்கட்டும்.

உதவக்கூடியது ஒன்று உண்டு. டஃப்ட்ஸ் பல்கலைக்கழகத்தில் 120 பேரை வைத்துச் செய்த ஆய்வு 2016இல் வெளிவந்தது. திரும்பத் திரும்ப வாசித்துப் படித்தவர்களின் நினைவை மன அழுத்தம் குலைத்தது. பார்க்காமல் நினைவுகூர்ந்து நினைவுகூர்ந்து படித்தவர்களிடம் அந்தச் சரிவு தெரியவில்லை. பரீட்சைக்கு முன் பத்து நிமிடம் பயத்தை எழுதித் தீர்த்தால் மதிப்பெண் ஏறும் என்று 2011இல் வந்த இன்னொரு ஆய்வு பெரும் புகழ் பெற்றது. 2018இல் அதைத் திரும்பச் செய்து பார்த்தபோது அந்தப் பலன் கிடைக்கவில்லை. எழுதினால் கெடுதல் இல்லை, ஆனால் நம்பி இருக்காதீர்கள்.

இந்த மனித ஆய்வுகளெல்லாம் அமெரிக்க மாணவர்களிடம் நடந்தவை. பிளஸ் டூ தேர்வுக்கு ஊரே மூச்சைப் பிடித்துக்கொண்டிருக்கும் நம் பிள்ளைகளிடம் நாமே செய்துபார்க்க வேண்டும். பெரிய இயந்திரம் எதுவும் வேண்டாம். தாளும் கடிகாரமும் பொறுமையும் போதும். காலாப்பட்டில் புதுச்சேரிப் பல்கலைக்கழகத்திலும் அண்ணாமலை நகரில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்திலும் அதைச் செய்ய ஆட்கள் இருக்கிறார்கள். இதற்கெல்லாம் பணம் ஒதுக்கத்தான் நம்மிடம் மனம் வர மாட்டேன் என்கிறது.

ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்கிறேன். வாரக்கணக்கில் தூக்கம் இல்லை, உயிரோடு இருந்து என்ன பயன் என்று தோன்றுகிறது என்றால், அதற்குப் படிக்கும் முறையை மாற்றினால் போதாது. வீட்டில் சொல்லுங்கள், 14416 என்ற டெலி-மானஸ் (அரசின் மனநல உதவி) எண்ணைக் கூப்பிடுங்கள். கட்டணம் கிடையாது.

அந்த மாணவி ஏப்ரலில் அதே பேப்பரை மறுபடி எழுதுகிறார். இப்போதெல்லாம் காலை பஸ் கன்னியக்கோயில் தாண்டியதும் நோட்டை மூடிப் பைக்குள் வைத்துவிட்டு, வெற்றுத்தாளில் வருவிக்க ஆரம்பிக்கிறாராம். பஸ் குலுங்கிக் கையெழுத்து கோணுகிறது, ஆனாலும் பாலம் வருவதற்குள் கடைசி வரி வந்துவிடுகிறது என்று நேற்று எழுதியிருந்தார்.