இரும்புத் தகட்டில் ஒரு சிப்பாய்

அமெரிக்க உள்நாட்டுப் போர்க் காலத்துச் (1861–65) சிப்பாய் படங்கள் பலவற்றில், பெல்ட்டின் பித்தளை வில்லையில் உள்ள 'யு.எஸ்.' எழுத்துகள் இடவலம் மாறித் தெரியும். ஸ்டுடியோக்காரரின் தவறல்ல அது. படம் உருவாகும் விதமே அப்படி.

இவற்றுக்கு டின்டைப் என்று பெயர். டின் என்பது பெயரில்தான். உண்மையில் கறுப்பு வார்னிஷ் பூசிய மெல்லிய இரும்புத் தகடு. 1856-ல் அமெரிக்காவில் காப்புரிமை பெற்ற முறை. வெடிபஞ்சை (அமிலத்தில் ஊறவைத்த பஞ்சு) ஈதரிலும் ஆல்கஹாலிலும் கரைத்து, அயோடைடு உப்பு சேர்த்தால் பாகு மாதிரி கொலோடியன் கிடைக்கும். அதைத் தகட்டில் பரவ ஊற்றி, வெள்ளி நைட்ரேட் கரைசலில் முக்கி எடுத்தால் ஒளியை உணரும் படலம் தயார். ஈரம் காய்வதற்குள் படம் எடுத்துக் கழுவிவிட வேண்டும்.

ஒளி பட்ட இடத்தில் வெள்ளித் துகள்கள் படிந்து வெளிறித் தெரியும். படாத இடத்தில் கழுவும்போது வெள்ளி உப்பு கரைந்துபோக, அடியிலிருக்கும் கறுப்பு எட்டிப் பார்க்கும். சிப்பாயின் நெற்றி வெள்ளி, தொப்பி விளிம்பின் நிழல் வெறும் வார்னிஷ். தகடுதான் படம், நெகட்டிவ் கிடையாது. அதனால்தான் கண்ணாடியில் பார்ப்பதுபோல் இடவலம் மாறுகிறது. இதைத் தெரிந்துகொண்டு, உடுப்பில் இருப்பதைப் பக்கம் மாற்றி மாட்டிக்கொண்டு நின்றவர்களும் உண்டு.

சில நொடிகள் அசையாமல் நிற்க வேண்டும். தலையைப் பின்னாலிருந்து பிடிக்க ஓர் இரும்புத் தாங்கி வைப்பார்கள். உற்றுப் பார்த்தால் பூட்ஸுக்குப் பின்னால் அதன் கால் தெரியும். அப்புறம் பொத்தான்களில் பொன் வண்ணமும் கன்னத்தில் லேசாகச் சிவப்பும் தொட்டுவைப்பார்கள்.

ஓவியரை உட்கார வைத்துத் தன்னை வரையச் சொல்ல வசதி இல்லாதவனுக்கும் இப்போது ஓர் உருவப்படம் கிடைத்தது. சாதாரணச் சிப்பாயின் மாதச் சம்பளம் 13 டாலர், படமோ ஒரு டாலருக்குள் முடிந்துவிடும். கண்ணாடிபோல் உடையாது என்பதால் கடிதத்தோடு வீட்டுக்கு அனுப்பலாம்.

கறுப்பினச் சிப்பாய்களுக்கு அந்தப் படம் இன்னும் பெரிய விஷயம் என்றே நினைக்கிறேன். ஏறத்தாழ 1,80,000 பேர் வட தரப்புப் படையில் சேர்ந்தார்கள். பலர் அதுவரை அடிமைகள், சட்டத்தின் கண்ணில் இன்னொருவரின் சொத்து. 1864 ஜூன்வரை இவர்களுக்குச் சம்பளம் 10 டாலர்தான், அதிலும் உடைக்கு 3 டாலர் பிடித்துக்கொண்டார்கள். 'யு.எஸ்.' என்ற பித்தளை எழுத்துகளை அணிந்து துப்பாக்கி ஏந்திவிட்டால் கறுப்பினத்தவரின் குடியுரிமையை யாராலும் மறுக்க முடியாது என்று 1863-ல் பேசினார், அடிமைமுறையை எதிர்த்துப் போராடிய கறுப்பினத் தலைவர் ஃபிரடெரிக் டக்ளஸ்.

அமெரிக்கக் காங்கிரஸ் நூலகத்தில் ஒரு படம் இருக்கிறது. இதே ரசாயனம்தான், இரும்புக்குப் பதில் கண்ணாடித் தகடு. சீருடையில் ஒரு கறுப்பினச் சிப்பாய், பக்கத்தில் மனைவி, கூடவே இரண்டு மகள்கள். சிறுமிகள் இருவருக்கும் ஒரே மாதிரி கோட்டு, ஒரே மாதிரி தொப்பி. நால்வரும் அந்தச் சில நொடிகள் ஆடாமல் இருந்திருக்கிறார்கள்.