மலையில் தோட்டாவைக் கெடுப்பது வயதா, ஈரமா?

பெட்டி பிரிக்காமல் உலர்ந்த இடத்தில் இருக்கும் தோட்டா இருபது, முப்பது வருடம் கழித்தும் வெடிக்கும். அதே தோட்டாவைத் துப்பாக்கியில் ஏற்றி இடுப்பிலும் இழுப்பறையிலும் மாற்றி மாற்றி வைத்திருந்தால் ஓரிரு வருடத்திலேயே அதை நம்ப முடியாமல் போகலாம். ஊட்டி, குன்னூர், கோத்தகிரிப் பக்கம் லைசென்ஸோடு .32 பிஸ்டலோ ரிவால்வரோ வைத்திருப்பவர்களுக்கு இந்த வித்தியாசத்தின் காரணம் தெரிந்திருக்க வேண்டும்.

தோட்டாவில் நான்கே உறுப்பு: பித்தளைக் கூடு, அதன் வாயில் இறுக்கிச் செருகிய குண்டு, உள்ளே வெடிமருந்து, அடியில் அடிபட்டதும் பொறி தந்து அந்த மருந்தைப் பற்றவைக்கும் பிரைமர். மருந்தின் அடிப்படை நைட்ரோசெல்லுலோஸ். சும்மா கிடக்கும்போதே அது மெல்லச் சிதைந்து நைட்ரஜன் ஆக்சைடுகளை வெளிவிடும். அந்த வாயு சிதைவை இன்னும் முடுக்கும். அதைப் பிடித்துவைக்கத்தான் டைஃபீனைலமைன் போன்ற பொருளைக் கொஞ்சம் கலக்கிறார்கள். குன்னூர்ப் பக்கம் 1903-இல் தொடங்கிய அருவங்காடு தொழிற்சாலைக்குப் பெயர் தந்த கார்டைட் என்ற பழைய மருந்தில் அந்த வேலையை வாசலின் போன்ற மினரல் ஜெல்லி பார்த்தது. துப்பாக்கிக் குழாய் தேயாமலிருக்கச் சேர்த்த பொருள் மருந்தையும் காத்தது. இந்தப் பாதுகாப்பு எத்தனை வருடம் தாங்கும் என்பதைத் தீர்மானிப்பது வெப்பம். அந்த வகையில் 2,200 மீட்டர் உயரத்து ஊட்டியின் குளிர் மருந்துக்கு நல்லது. மேட்டுப்பாளையத்து வெயிலில் நிறுத்திய காரின் டேஷ்போர்டு கெடுதல்.

மலையில் தொல்லை ஈரத்தால்தான். ஜனவரி விடியலில் 5 டிகிரிக்குக் குளிர்ந்த துப்பாக்கியை, கணப்பு எரியும் அறைக்குள் கொண்டுவருகிறீர்கள். அறை 20 டிகிரி, ஈரப்பதம் 60 சதவீதம் என்றால் 12 டிகிரிக்குக் கீழே இருக்கும் எந்த உலோகத்திலும் நீர் கோத்துக்கொள்ளும். பிரைமரைச் சுற்றியுள்ள மெல்லிய இடுக்கிலும் அந்த நீர் நிற்கும். ராணுவத் தோட்டாக்களில் அந்த இடுக்கை அரக்குப் பூசி அடைப்பார்கள். கடையில் வாங்கும் எல்லாத் தோட்டாவிலும் அது இருக்காது. மலைக்கும் சமவெளிக்கும் இடையில் காற்றழுத்தமும் மாறுகிறது. அடைப்புச் சரியில்லாத தோட்டா மலையேறும்போது உள்காற்றை விடும், இறங்கும்போது ஈரக்காற்றை இழுக்கும்.

தோல் உறைகளும் தோட்டா செருகும் தோல் பெல்ட்டும் இன்னொரு தொல்லை. தோல் பதனிட்ட அமிலமும் ஈரமும் சேர்ந்து பித்தளையில் பச்சைக் களிம்பு ஏற்றும். பாத்திரம்போலப் புளி போட்டுத் தேய்க்கக் கூடாது. அமோனியா கலந்த பாலிஷ் அதைவிட மோசம். 19-ஆம் நூற்றாண்டில் இந்தியாவிலிருந்த பிரிட்டிஷ் படைகள் மழைக்காலத்தில் குதிரை லாயங்களில் அடுக்கிவைத்த தோட்டாக் கூடுகள், யாரும் தொடாமலே கழுத்தில் வெடிப்புவிட்டுக் கிடந்தன. குதிரை மூத்திரத்து அமோனியா, இழுத்துக் கூடாக்குவதால் பித்தளைக்குள் தங்கிய இறுக்கத்தோடு சேர்ந்து பிளக்கிறது என்று 1921-இல்தான் விளங்கியது. மாட்டுக்கொட்டகையிலும் தேயிலைத் தோட்டத்து உரக்கிடங்கிலும் தோட்டா வைக்கக் கூடாது என்பது இதனால்தான்.

எண்ணெயும் பகை. ஈரத்துக்குப் பயந்து துப்பாக்கியில் எண்ணெயைத் தாராளமாகப் பீய்ச்சுகிறவர்கள் பலர். ஊடுருவும் எண்ணெய் இடுக்கு வழியாகப் பிரைமருக்குள் இறங்கிக் கலவையைச் செயலிழக்கச் செய்யும். ஏற்றும் முன் தோட்டா அமரும் சேம்பரையும் பிரைமரை அடிக்கும் ஃபயரிங் பின் வாயையும் உலர்ந்த துணியால் துடைத்துவிடுங்கள்.

பிஸ்டலில் இவை எல்லாவற்றையும்விட நான் அஞ்சுவது குண்டு உள்ளிறங்குவதை. ராத்திரி ஏற்றுவது, காலையில் இறக்குவது, தேர்தல் வந்தால் ஸ்டேஷனில் ஒப்படைக்க இறக்குவது. இறக்கிய தோட்டாவே மறுபடி மேகசினின், அதாவது தோட்டாக்களை அடுக்கும் கூட்டின், உச்சிக்குப் போகும். ஒவ்வொரு தடவையும் பிஸ்டலின் மேல்பகுதியான ஸ்லைடு பாய்ந்து, குண்டின் மூக்கைச் சேம்பர் வாயின் சரிவில் மோதவிட்டுத்தான் உள்ளே தள்ளும். குண்டு மயிரிழை மயிரிழையாகக் கூட்டுக்குள் இறங்கும். உள்ளே காலி இடம் குறையக் குறைய மருந்து எரியும் அழுத்தம் எகிறும். பிஸ்டல் தோட்டாவின் சின்னக் கூட்டில் முக்கால் மில்லிமீட்டர் இறக்கமே அபாயகரமான அழுத்தத்தைக் கொண்டுவரும்.

புதுத் தோட்டா ஒன்றையும் மேகசினின் உச்சித் தோட்டாவையும் கண்ணாடிமேல் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்தி, கண்மட்டத்துக்குக் குனிந்து பாருங்கள். ஒன்று குட்டையாகத் தெரிந்தால் வெர்னியர் அளவுகோலில் அளந்து பாருங்கள். .32 ஏசிபி என்ற பிஸ்டல் தோட்டாவின் முழுநீளம் அதிகபட்சம் 25 மி.மீ. அதே பெட்டித் தோட்டாவைவிடக் கால் மி.மீ. குறைந்திருந்தால் ஒதுக்கிவிடுங்கள். ஒரே தோட்டாவை இரண்டு தடவைக்கு மேல் சேம்பரில் ஏற்ற வேண்டாம். ரிவால்வரில் இந்தச் சிக்கல் இல்லை. அங்கே சுடும் உதைப்பில் மற்ற அறைகளின் குண்டுகள் முன்னே நகர்ந்து உருளையைச் சிக்கவைக்கலாம்.

இருப்புத் தோட்டாக்களைச் சிலிக்கா ஜெல் போட்ட காற்றுப்புகா டப்பாவில் வையுங்கள். டப்பாவைக் குளிரிலிருந்து கொண்டுவந்தால் அறைச்சூடு ஏறியபின் திறவுங்கள். துப்பாக்கியிலிருப்பவற்றை வருடத்துக்கொரு முறை அனுமதி பெற்ற சுடுதளத்தில் சுட்டுத் தீர்த்துப் புதுசு போடுங்கள். அங்கே அடித்தும் வெடிக்காவிட்டால் குழாயைப் பாதுகாப்பான பக்கம் பிடித்தபடி முப்பது விநாடி காத்திருந்து வெளியே எடுங்கள், தாமதமாக வெடிப்பதுண்டு. "பட்" என்று சன்னமாக மட்டும் கேட்டால் குண்டு குழாயில் சிக்கியிருக்கும். அடுத்ததைச் சுடவே கூடாது. களிம்பேறியது, வெடிப்புவிட்டது, குட்டையானது எதையும் குப்பையிலோ கணப்பிலோ போடாமல், லைசென்ஸ் புத்தகத்தோடு ஆயுதக் கடையிலோ காவல் நிலையத்திலோ ஒப்படைத்துக் கணக்கில் கழித்து எழுதிக்கொள்ளுங்கள்.