குப்பைமேட்டில் முளைக்கிற பப்பாளி தொட்டியில் ஏன் முளைப்பதில்லை?

"குப்பையில் வீசிய பப்பாளி விதை தானாக முளைத்து நிற்கிறது. பார்த்துப் பார்த்துத் தொட்டியில் போட்டது மட்டும் முளைக்க மாட்டேன் என்கிறது. கைராசி இல்லையோ?" என்று வாசகர் ஒருவர் கேட்டிருந்தார். கைராசிக்கும் வளர்பிறைக்கும் இதில் வேலையே இல்லை.

பழத்திலிருந்து எடுத்த விதையை விரலிடுக்கில் வைத்து நசுக்குங்கள். வழவழப்பான பை ஒன்று உடைந்து நீர் தெறிக்கும். உள்ளே சுருக்கம் விழுந்த கறுப்பு விதை இருக்கும். முளைப்பைத் தடுக்கும் ஃபீனால் வகைச் சேர்மங்கள் அந்தப் பையில் இருக்கின்றன. ஈரம் இருக்கிறதே என்று பழத்துக்குள்ளேயே முளைவிட்டால் விதையின் கதை முடிந்ததல்லவா? குப்பையில் நுண்ணுயிர்கள் பையைத் தின்றுவிடுகின்றன. நாம் சாம்பல் போட்டுத் தேய்த்து, சல்லடையில் அலசி, நிழலில் உலர்த்தினால் அதே வேலை முடிந்தது.

சரி, பை போன பிறகும் சில விதைகள் அடம்பிடிக்கும். எனக்கு ரொம்பப் பிடித்த இடம் இதுதான். விதைக்குள் டெல்லா என்றொரு புரதக் குடும்பம் இருக்கிறது. முளைப்புக்கான மரபணுக்களை இயங்கவிடாமல் அடக்கிவைப்பது அதன் பிழைப்பு. நீர் புகுந்ததும் கரு ஜிப்ரலின் என்ற ஹார்மோனைத் தயாரிக்கிறது. அது தன்னைப் பிடித்துக்கொள்ளும் ஏற்பிப் புரதத்தின் குழிக்குள் போய் உட்கார்ந்ததும், ஏற்பியின் ஒரு நுனி மடிந்து மேலே மூடிக்கொள்கிறது. அப்படி மூடினால்தான் டெல்லா வந்து ஒட்டுவதற்கு ஏற்ற பரப்பு உருவாகும். ஒட்டிய டெல்லாவின்மேல், ஆக்கிரமிப்புக் கட்டடத்தில் அதிகாரிகள் சிவப்புக் குறி போடுவதுபோல, செல் யுபிக்குவிட்டின் என்ற சிறு புரதத்தைப் பதிக்கிறது. குறி விழுந்ததை, செல்லுக்குள் புரதங்களை வெட்டும் இயந்திரமான புரோட்டியசோம் துண்டு துண்டாக நறுக்கிவிடும். தடை நீங்கியதும் நொதிகள் உருவாகி, சேமிப்பிலுள்ள எண்ணெயையும் புரதத்தையும் உடைக்கின்றன. முளைவேரைச் சுற்றிய திசு இளகி, வேர் எட்டிப் பார்க்கிறது.

இந்த ஜிப்ரலினைப் பழத்துக்காக யாரும் தேடவில்லை. 1926இல், அப்போது ஜப்பானிய ஆட்சியில் இருந்த தைவானில், எய்ச்சி குரோசாவா என்ற ஜப்பானிய விஞ்ஞானி ஒரு நெல் நோயை ஆராய்ந்தார். பூஞ்சை வெளிவிடும் ஏதோ ஒரு பொருள் நாற்றுகளை வெளிறவைத்து நெடுநெடுவென்று இழுக்கிறது என்று காட்டினார். 1935இல் தெய்ஜிரோ யபுதா அதற்குப் பெயர் வைத்தார். "இதனால் உடனடிப் பயன் என்ன?" என்ற ஒற்றைக் கேள்வியோடு ஆய்வுநிதியை வெட்டுபவர்களைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குக் குரோசாவா நினைவுக்கு வருவார்.

அடம்பிடிக்கும் விதைக்கு இந்த ஹார்மோனை வெளியிலிருந்தும் கொடுக்கலாம். ஜிப்ரலின் வகைகளில் ஒன்றான ஜிப்ரலிக் அமிலம் லிட்டருக்கு 100 மில்லிகிராம் போதும். தண்ணீரில் லேசில் கரையாது. முதலில் கொஞ்சம் ஆல்கஹாலில் கரைத்துக்கொள்ளுங்கள். ஓர் இரவு ஊறவைத்து, ஒரு சென்டிமீட்டர் ஆழத்தில் ஊன்றுங்கள். மார்கழிக் குளிரில் போட்டால் எப்படியும் தாமதமாகும். சீக்கிரம் வரட்டும் என்று அளவைக் கூட்டினால், முளைப்பதென்னவோ முளைக்கும்; ஆனால் தண்டு வெளிறி, ஒல்லியாக நீண்டு, குரோசாவாவின் நெல் நாற்றைப்போலத் தலைசாயும்.